உருக்குக்குச் சாட்சி சொல்லக் கற்போம்

கிளிநொச்சியின் இரணைமடுச் சந்தியில் ஏ-9 வீதியோரம் ஒரு மணி நேரம் நின்றால் போதும், வன்னியின் நேற்றும் நாளையும் கண்முன்னால் போகும். பழைய இரும்பை அள்ளி அடைத்துக்கொண்டு ஒரு லொறி தெற்கே போகும். அதே வீதியால், முறிகண்டிப் பக்கமாகச் சற்றுத் தள்ளியிருக்கும் அறிவியல் நகருக்கு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் போவார்கள். லொறியில் போகும் உலோகமும் பஸ்ஸில் போகும் படிப்பும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அவை எங்கே சந்திக்கலாம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

2009இல் போர் முடிந்தபின் பல ஆண்டுகளாக இந்த வீதியால் போன இரும்பு கொஞ்சமல்ல. எரிந்த உழவு இயந்திரங்கள், கருகிய லொறிச் சட்டங்கள், துளைபட்ட தண்ணீர்த் தாங்கிகள், மிதிவண்டிகள், வள்ளத்து என்ஜின்கள். முள்ளிவாய்க்காலிலும் புதுக்குடியிருப்பிலும் சனங்கள் விட்டுவிட்டு வந்தவை. வெடிக்காத குண்டுகளுக்கு நடுவே அவற்றைக் கிண்டி எடுக்கப்போய்க் கையையும் காலையும் இழந்தவர்கள் உண்டு. அந்த இரும்பில் என்ன கலந்திருக்கிறது, அது எங்கே வார்க்கப்பட்டது, எத்தனை நெருப்பைத் தாங்கியது என்று எவரும் விசாரிக்கவில்லை. தராசுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: எத்தனை கிலோ?

இன்னொரு காட்சியையும் பாருங்கள். 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள பிறவுன்ஸ் ஃபெரி அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலைக்குள் நான்கு சிறிய உருக்குப் பாகங்கள் வைக்கப்பட்டன. எரிபொருள் கட்டைச் சுற்றியிருக்கும் உறையை இறுக்கிப் பிடிக்கும் கொளுவிகள் அவை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் உலோகத் தூளை லேசர் கதிரால் உருக்கிப் படை படையாக அச்சிட்டு எடுத்தவை. ஆறு ஆண்டுகள் உலைக்குள் இருந்து, இடையிடையே சோதிக்கப்பட வேண்டும் என்பது திட்டம். அந்த நான்கு துண்டுகளுக்கும் ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. எந்தத் தூள், எந்த இயந்திரம், எந்த நாள், ஒவ்வொரு படையும் எப்படி விழுந்தது என்பதுவரை கேட்டால் பதில் கிடைக்கும்.

உலோகத் தூளில் இருந்து ஒரு பாகத்தைச் செய்வது இன்று உலகத்துக்கு அரிய வித்தை அல்ல. செய்த பாகத்தை நம்பலாம் என்று நிரூபிப்பதுதான் அரிய வித்தை. அணு உலை இந்தத் தீவுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்த வித்தையை நாங்கள் கற்றாக வேண்டும். கற்கத் தொடங்க வேண்டிய இடம் இரணைமடு. இதுவே என் வாதம்.

தூளில் இருந்து துண்டு வரை

நாங்கள் வீட்டில் ‘சில்வர்’ என்றும் பாடப்புத்தகத்தில் ‘கறையில் உருக்கு’ என்றும் சொல்லும் உலோகத்தில் பல வகை உண்டு. அணு உலைகளில் அதிகம் பேசப்படும் வகைகளில் ஒன்றுக்கு 316எல் என்று பெயர். இரும்போடு 16 முதல் 18 சதவீதம் குரோமியம், 10 முதல் 14 சதவீதம் நிக்கல், 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் கலந்தது. குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றை உருக்கின் மேல் போர்த்துகிறது. துரு உள்ளே போகாமல் காப்பது அந்தத் தோல்தான். காபன் 0.03 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்த வகைக்குரிய விதி. காபன் கூடினால், வெல்டிங் சூட்டில் அது குரோமியத்தைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். உருக்கின் மணிகளுக்கு இடைப்பட்ட எல்லைகள் காவலிழந்து வெடிக்கத் தொடங்கும். 1970களில் கொதிநீர் உலைகள் பலவற்றின் குழாய்களில் இந்த வெடிப்பு வந்த பிறகுதான் அந்த விதியின் அருமை தெரிந்தது.

இந்த உருக்கைத் தூளாக்க, அதை உருக்கி மெல்லிய தாரையாக ஓடவிட்டு, ஆகன் அல்லது நைதரசன் வாயுவை வேகமாகப் பாய்ச்சி அடிக்கிறார்கள். தாரை சிதறித் துளிகளாகி, விழுகிற வழியிலேயே உறைந்து உருண்டை மணிகளாகிறது. லேசர் அச்சுக்குப் பெரும்பாலும் 15 முதல் 45 மைக்ரோன் வரையான மணிகள் வேண்டும். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன்.

அதன்பின் இரண்டு வழிகள். முதலாவது, லேசர் வழி. மண்சுவர் எழுப்புகிறவர் ஒரு படை வைத்து, அது இறுகியபின் அடுத்த படையை வைப்பதுபோல, தூளை மெல்லிய படையாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கி, அதன்மேல் அடுத்த படையைப் பரப்புவது. இரண்டாவது வழி எங்கள் அடுப்படிக்குக் கிட்ட நிற்பது. பிட்டுக்குழலில் மாவை அடைத்து அவிக்கிறோம். மா உருகுவதில்லை, குழலின் வடிவத்தில் ஒன்றாகி வெளியே வருகிறது. அதுபோலப் பாகத்தின் வடிவில் தகட்டால் ஒரு கூடு செய்து, தூளை நிரப்பி, காற்றை முழுவதும் உறிஞ்சி, வாயை அடைத்து, பெரிய அழுத்தக் கலன் ஒன்றுக்குள் வைக்கிறார்கள். 1,100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம். காற்றழுத்தத்தைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அழுத்தம், எல்லாப் பக்கமும் ஒரே அளவாக. சில மணி நேரத்தில் தூள்மணிகள் உருகாமலே ஒன்றோடொன்று பிணைந்து முழு உருக்காகின்றன. கூட்டை நீக்கினால் பாகம்.

மாவை வறுக்காமல், அரிதட்டில் அரிக்காமல் பிட்டு அவிக்க எந்த அம்மாவும் துணியமாட்டார். உலோகத் தூளுக்கும் அதே பக்குவம் வேண்டும். ஈரம் ஏறினால் தூள் சீராக ஓடாது. ஒட்சிசன் ஏறினால் மணிகளின் மேல் ஒட்சைட்டுப் படிந்து, முடிந்த பாகம் அடிதாங்கும் பலத்தை இழக்கும். அச்சில் மிஞ்சிய தூளை அரித்து மறுபடி பாவிக்கலாம். எத்தனை தரம் பாவித்தோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க வேண்டும்.

தூள் ஏன்?

உருக்கிப் பாளமாக வார்த்து, பெரிய அழுத்திகளில் அடித்து வடிவமாக்கும் பழைய வழி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, பெரிய பாளம் ஆறும்போது அதன் சேர்மானம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நிற்பதில்லை. பிரான்சின் ஃபிளாமன்வில் மூன்றாம் உலையின் அழுத்தக் கலனில் இது வெளிப்பட்டது. அது கறையில் உருக்கு அல்ல, கனத்த கலன் உருக்கு. 0.22 சதவீதமாக இருக்க வேண்டிய காபன், கலனின் மூடியிலும் அடியிலும் சில இடங்களில் 0.30 சதவீதம்வரை ஏறியிருந்ததென்று 2015இல் தெரியவந்தது. தூளில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு மணியும் கண்ணிமைக்கும் முன் உறைந்துபோன ஒரு குட்டிப் பாளம். சேர்மானம் விலகி ஓட அங்கே நேரமும் இல்லை, தூரமும் இல்லை.

இரண்டாவது, பழைய பாகத்துக்கு மாற்றுப்பாகம் தேடும் கவலை. சுலோவீனியாவின் கிருஷ்கோ அணுமின் நிலையத்தில் தீயணைப்பு நீர்ப்பம்பி ஒன்றின் சுழலி 1981 முதல் ஓடியது. அதைச் செய்த கம்பனி பின்னாளில் இல்லாமலே போய்விட்டது. வரைபடமும் இல்லை. சீமென்ஸ் நிறுவனம் பழைய சுழலியை அளந்து, கணினியில் உருவம் அமைத்து, 108 மில்லிமீற்றர் விட்டமுள்ள புதிய சுழலியை உலோகத் தூளில் அச்சிட்டுக் கொடுத்தது. 2017இல் அது பொருத்தப்பட்டு இயங்கும் செய்தி வெளியானது. செய்தவன் போய்விட்டான், பாகம் மட்டும் வேண்டும் என்ற நிலை வன்னிக்குப் புதிதல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது காரணந்தான் என்னை இதை எழுதவைத்தது. வார்த்தெடுத்த கறையில் உருக்கின் உட்புறம் பருமணிகளாக இருக்கும். உள்ளே வெடிப்பு உண்டா என்று அறியக் கேளா ஒலியை அனுப்பினால், அந்தப் பருமணிகள் ஒலியைச் சிதறடித்துவிடும். வெடிப்பின் எதிரொலி எது, மணியின் எதிரொலி எது என்று பிரித்தறிவது கடினம். தூளை அழுத்திச் செய்த உருக்கில் மணிகள் சிறியவை, சீரானவை. ஒலி நேராகப் போய் நேராகத் திரும்பும். அதாவது அந்த உருக்கு தன் உட்புறத்தைத் திறந்து காட்டுகிறது. பலமான உருக்கு மட்டும் அணு உலைக்குப் போதாது. தன்னைச் சோதிக்க இடங்கொடுக்கும் உருக்கு வேண்டும். தூள்வழியில் அழுத்திச் செய்த 316எல் உருக்கை உலைப் பாகங்களுக்குப் பாவிக்கலாம் என்று அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் விதிக்கோவை 2013இல் இடமளித்தது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் தரவு திரட்டி வைக்க வேண்டியிருந்தது.

சாட்சித் துண்டு

லேசரால் அச்சிடுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாகத்தை அச்சிடும்போது, அதே தூளில், அதே தட்டில், அதே நாளில் பக்கத்தில் சில சிறு துண்டுகளையும் அச்சிடுவார்கள். பாகத்தை உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் இந்தத் துண்டுகளை இழுத்து அறுக்கிறார்கள், அடித்து முறிக்கிறார்கள், அறுத்து மெருகிட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கிறார்கள். சாட்சித் துண்டு என்பது அவற்றின் பெயர். உள்ளே உலைக்குப் போகிறவனுக்காக வெளியே நின்று உண்மை சொல்பவை அவை.

சாட்சி எதற்கு என்று கோபால்ட் என்ற ஒரு மூலகத்தைப் பார்த்தால் விளங்கும். நிக்கலோடு ஒட்டிக்கொண்டு கோபால்ட் உருக்குக்குள் சிறிதளவு வந்துவிடும். சட்டியில், கரண்டியில் அதனால் ஒரு கெடுதியும் இல்லை. அணு உலைக்குள் நியூத்திரன் பட்டால் அது கோபால்ட்-60 ஆகிறது. அதன் அரைவாழ்வுக் காலம் ஐந்தே கால் ஆண்டுக்குச் சற்று அதிகம். உலையைத் திருத்தப் போகும் தொழிலாளியின் உடலைச் சுடுவது பெரும்பாலும் இந்தக் கோபால்ட்தான். ஆகவே உருக்கில் கோபால்ட் எத்தனை துளி என்பதைத் தூளாக இருக்கும்போதே அளந்து எழுத வேண்டும். எழுதாமல் விட்ட கணக்கை இருபது ஆண்டுக்குப் பின் ஒரு மனிதனின் உடல் கொடுக்க நேரும்.

பழைய இரும்பு விற்கும் எங்களுக்கு இதில் இன்னுமொரு பாடம் இருக்கிறது. 2010 ஏப்ரலில் டில்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 அடங்கிய கருவி ஒன்று பிரித்து உடைக்கப்பட்டது. ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்து, ஏலத்தில் போன கருவி அது. உடைத்தவர்களுக்கு அது இரும்பு, ஈயம், இத்தனை கிலோ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பலர் கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். தராசு மட்டும் சாட்சியாக நிற்கும் வியாபாரத்தில் இப்படியும் நடக்கும்.

கல்பாக்கத்தில் நடப்பது

பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னைக்குத் தெற்கே, கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் 1971 முதல் இயங்குகிறது. அங்கே கட்டப்பட்ட 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது. தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம் ஓடும் உலை அது. எரிபொருளை உறையிடும் குழாயின் வெளிவிட்டம் 6.6 மில்லிமீற்றர், சுவரின் தடிப்பு அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்த மெல்லிய சுவரின் மேல் வேக நியூத்திரன்கள் ஓயாமல் மோதி, அணுக்களை இடம்பெயர்க்கின்றன. உருக்கின் உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் பிறந்து, குழாய் உப்பத் தொடங்குகிறது.

இன்றைய குழாய் சாதாரண வழியில் உருக்கிச் செய்த கறையில் உருக்கு வகை. நாளைய குழாய்க்குக் கல்பாக்கம் விஞ்ஞானிகள் தூளை நம்பியிருக்கிறார்கள். 9 சதவீதக் குரோமியமுள்ள உருக்குத் தூளோடு 0.35 சதவீத இட்ரியம் ஒட்சைட்டை உருண்டை அரைவையில் மணிக்கணக்காக அரைத்துக் கலந்து, கூட்டில் அடைத்து, சூட்டில் பிதுக்கி, குழாயாக இழுக்கிறார்கள். சரியான வகைப்பாட்டில் அது கறையில் உருக்கு ஆகாது. அதற்கு நெருங்கிய உறவு. மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்குக்குக் கிட்டிய நுண்ணிய ஒட்சைட்டு மணிகள் உருக்கெங்கும் பரவியிருந்து, சூட்டில் அது தளராமலும் வீங்காமலும் பிடித்து வைக்கின்றன. உருக்கிக் கலந்தால் ஒட்சைட்டு மிதந்து பிரிந்துவிடும். தூளாக அரைத்தால்தான் சேரும். தூள் வேலை ஹைதராபாத்தில் உள்ள தூள் உலோகவியல் ஆராய்ச்சி மையத்திலும், குழாய் இழுக்கும் வேலை அதே நகரின் அணு எரிபொருள் வளாகத்திலும் நடந்தன.

அந்த ஈனுலையில் தூள் ஏற்கெனவே ஒரு வேலை செய்திருக்கிறது. உராயும் பாகங்களுக்கு வன்மையான மேற்பூச்சு வேண்டும். வழக்கமாகப் பாவிக்கும் பூச்சில் கோபால்ட் அதிகம். அதைத் தவிர்த்து, நிக்கலை அடிப்படையாகக் கொண்ட தூளைப் பிளாஸ்மா வில்லால் உருக்கிப் பூசினார்கள். நாளைக்கு உலையைத் திருத்தப் போகிறவரின் உடலைப் பூச்சுத் தெரிவு செய்யும் மேசையிலேயே நினைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

ஒன்றைக் கவனியுங்கள். கல்பாக்கம், ஹைதராபாத் இரண்டிலும் இந்த வேலை ஓர் இயந்திரத்தை வாங்கி வைத்ததால் வந்ததில்லை. அரைத்து, இழுத்து, அறுத்துப் பார்த்து, பிழையை எழுதி, மறுபடி அரைத்த தலைமுறைகளால் வந்தது.

பொய்த்த காகிதங்கள்

சாட்சி பொய்யானால் என்ன நடக்கும் என்பதற்கும் உலகம் உதாரணம் வைத்திருக்கிறது. ஃபிளாமன்வில் கலனுக்கான பாகங்களை அடித்த லெ குரூசோ பட்டறையின் பழைய கோப்புகளை ஆராய்ந்தபோது, சோதனைப் பதிவுகளில் முறைகேடுகள் இருந்தது 2016இல் வெளியானது. ஏறத்தாழ 400 பாகங்களின் கோப்புகள் சந்தேகத்துக்குள்ளாகின. அவற்றுட் சில 1960கள்வரை பின்னோக்கிச் சென்றன. தென்கொரியாவில் 2012, 2013ஆம் ஆண்டுகளில் போலித் தரச்சான்றிதழ்களோடு உதிரிப்பாகங்கள் அணுமின் நிலையங்களுக்குள் போனது தெரியவந்து, உலைகள் சில நிறுத்தப்பட்டன. சம்பந்தப்பட்டவர்கள் சிறை சென்றார்கள். பிரான்சும் கொரியாவும் தொழில்நுட்பத்தில் பின்தங்கிய நாடுகள் அல்ல. உருக்கை அடிக்கத் தெரிந்த கைகள் அங்கே ஏராளம். காகிதத்தில் நேர்மை தவறியபோது அந்தக் கைகளின் திறமை காப்பாற்றவில்லை.

எங்கள் தீவின் முறை

இலங்கை 1957இல் இருந்தே சர்வதேச அணுசக்தி முகவரமைப்பின் உறுப்பு நாடு. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இலங்கை அணுசக்திச் சபையையும், அதிலிருந்து வேறாக ஓர் ஒழுங்குமுறைப் பேரவையையும் உருவாக்கியது. அணுமின்சாரத்துக்கான அடித்தளம் நாட்டில் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க முகவரமைப்பின் குழு 2022 ஏப்ரலில் வந்தது. எரிபொருள் வரிசைகளிலும் மின்வெட்டிலும் நாடு தவித்துக்கொண்டிருந்த அதே மாதம். சிறிய அணு உலைகள் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு ஓயவில்லை.

அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதை இந்த நாட்டு மக்கள் எல்லோரும் சேர்ந்து, மறைவில்லாமல், கேள்வி கேட்டு முடிவெடுக்க வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையம் கடலுக்கு அக்கரையில் இருக்கும்போது, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அணு எங்களைவிட்டுப் போய்விடும் என்றும் எண்ண முடியாது. என் நிலைப்பாடு ஒன்றே: வாங்கும் பொருளைச் சோதிக்கத் தெரியாத நாடு அணு உலை வாங்கக் கூடாது. விற்கிறவரே செய்து, விற்கிறவரே சோதித்து, விற்கிறவரே சான்றிதழும் தந்தால், நாங்கள் வாங்குவது உலையை அல்ல, ஒருவருடைய வாக்குறுதியை.

அந்தச் சோதனைத் திறமையின் விதை நாட்டில் இருக்கிறது. பொருளை உடைக்காமல் உள்ளே பார்க்கும் அழிவில்லாப் பரிசோதனைக்கான தேசிய நிலையத்தை நடத்துவதும் அணுசக்திச் சபைதான். அந்த விதை கொழும்பைச் சுற்றியே நிற்கிறது. அதை வடக்கே கொண்டுவந்து நட வேண்டும்.

அறிவியல் நகரில் தொடங்குவோம்

ஏன் வன்னி? இங்கே ஏற்கெனவே ஒரு மரபு இருப்பதால். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் உதிரிப்பாகமும் வராமல் நின்றபோது, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, தண்ணீர்ப்பம்பி ஓடியது. தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் வேறு எதையோ கடைந்து செய்தார்கள். உடைந்த தண்டைக் காய்ச்சி ஒட்டினார்கள். செய்த கம்பனி எங்கேயோ, பாகம் மட்டும் இங்கே வேண்டும் என்ற நிலையில், கிருஷ்கோ பொறியியலாளர்கள் கணினியில் செய்ததை எங்கள் கராஜ்காரர்கள் கண்ணாலும் விரலாலும் செய்தார்கள். அந்தக் கைகளுக்கு இல்லாமல் போனது ஒன்றுதான்: செய்ததை அளந்து, சோதித்து, எழுதி வைக்கும் வசதி. அதனால் அந்த அறிவு ஆட்களோடு போய்க்கொண்டிருக்கிறது. 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையோடு இந்த மாவட்டத்தின் கைத்தொழில் அறிவில் ஒரு பகுதி எப்படிப் போரில் அழிந்ததோ, அதுபோல இதையும் இழந்துவிடக் கூடாது.

இன்று அறிவியல் நகரில் 2014 முதல் பொறியியற் பீடம் இருக்கிறது. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. பட்டதாரியும் தொழிலாளியும் ஒரே வீதியில் பயிலும் இடம். இங்கே ஓர் உலோகப் பரிசோதனைக் கூடம் எழ வேண்டும் என்று கேட்கிறேன்.

வரிசை முக்கியம். முதலில் தூள் அச்சு இயந்திரம் வாங்கக் கூடாது. திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும். தூள் தீர்ந்ததும் உறை போர்த்திக் கிடக்கும். முதலில் இழுத்து அறுக்கும் கருவி, உருக்கின் சேர்மானத்தைப் படிக்கும் நிறமாலைமானி, கேளா ஒலிக் கருவி, வெடிப்பைக் காட்டும் சாயம், நல்ல நுணுக்குக்காட்டி. அவற்றைப் பாவிக்கும் இளைஞர்களுக்கு ஐஎஸ்ஓ 9712 என்ற சர்வதேசத் தரத்தின்படி முதலாம், இரண்டாம் தரச் சான்றிதழ், தமிழில் விளங்கிப் படித்துப் பெறும் வகையில். இரண்டாவதாக வெல்டிங் தரம். தூள் மூன்றாவது. அதற்குள் அதைக் கையாளும் ஒழுக்கமும் வந்திருக்கும். நுண்தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குக் கேடு. சில உலோகத் தூள்கள் தீப்பற்றும். பக்குவம் வராத கையில் அதைக் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கே அநியாயம்.

குடிதண்ணீருக்கும் கொட்டிலுக்கும் வழியில்லாத குடும்பங்கள் இருக்கும் மாவட்டத்துக்கு இது ஆடம்பரம் என்று சொல்வார்கள். அந்தக் கேள்வியில் வலி இருக்கிறது, தட்டிவிட மாட்டேன். ஆனால் அரிசி ஆலைக் கொதிகலன் வெடிக்காமல் இருப்பதும், ஆஸ்பத்திரியின் ஒட்சிசன் குழாய் கசியாமல் இருப்பதும், வள்ளத்துத் தண்டு நடுக்கடலில் முறியாமல் இருப்பதும் ஏழைகளுக்கும் உரிய காரியம். சோதிக்கப்படாத இரும்பின் கீழ் முதலில் நிற்பவர்கள் அவர்கள்தான். படித்த பிள்ளைகள் வெளிநாடு போய்விடுவார்கள் என்றும் சொல்வார்கள். போவார்கள். சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு கூடம் ஊரில் இருந்தால், போகிறவர்களில் சிலருக்குத் திரும்பிவர ஒரு மேசையாவது இருக்கும்.

கடைசியாக, குளம். கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இரணைமடு, பலமுறை உயர்த்தப்பட்டு இன்று 36 அடி நீரைத் தாங்குகிறது. காலபோகமும் சிறுபோகமும் அதன் துருசுகளின் தயவில் விளைகின்றன. 2018 டிசம்பரில் மாரி ஒரே இரவில் கொட்டியபோது, வான்கதவு என்ற சொல்லை உச்சரிக்காத வீடு கிளிநொச்சியில் இல்லை. அந்த வெள்ளத்தில் யார் பிழை என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. கதவு எப்போது திறக்க வேண்டும் என்பதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். கதவின் உருக்கு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியும் பேச வேண்டும்.

கலிபோர்னியாவில் ஃபோல்சம் என்றோர் அணை. 1995 ஜூலை 17ஆம் திகதி அதன் வான்கதவுகளில் ஒன்றைத் திறந்துகொண்டிருந்தபோது கதவு முறிந்து விழுந்தது. தேக்கத்து நீரில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் ஓடிப்போனது. மழையும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. கதவு சுழலும் அச்சாணியில் ஆண்டுக்கணக்காகத் துரு ஏறி, உராய்வு கூடி, அந்தப் பாரம் கதவின் கைகளை முறித்தது. உள்ளே நடந்ததை வெளியே நின்ற எவரும் காணவில்லை.

அணு உலைக்கு வேண்டிய ஒழுக்கமும் ஒரு குளத்தின் வான்கதவுக்கு வேண்டிய ஒழுக்கமும் வேறு வேறல்ல. இந்த உருக்கு என்ன, எங்கிருந்து வந்தது, உள்ளே எப்படி இருக்கிறது, கடைசியாகப் பார்த்தவர் யார், அவர் எழுதியது எங்கே? இந்தக் கேள்விகளுக்குக் குளத்தடியில் பதில் சொல்லப் பழகியவர்கள் நாளைக்கு உலையடியிலும் சொல்வார்கள். குளத்தடியில் பழகாதவர்களுக்கு உலையடியில் திடீரென்று அது வராது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. அறிவியல் நகரில் அந்தக் கூடம் எழும்போது, அதன் பதிவேட்டின் முதற்பக்கத்தில் வன்னிக் குளமொன்றின் கதவு உருக்கு எழுதப்படட்டும். எங்கள் பிள்ளைகள் இருவர் கேளா ஒலிக் கருவியோடு இரணைமடு அணைக்கட்டில் ஏறி, சிறுபோகத்துத் தண்ணீர் வற்றும் நாட்களில் அந்த உருக்கைத் தொட்டுக் கேட்கட்டும். கேட்டதை, நாளும் நேரமும் தங்கள் பெயரும் போட்டு, மாரிக்கு முன் எழுதி வைக்கட்டும்.